அத்தை மெதுவாக நடந்த நாள்

மார்ச் 15, சனி

பள்ளி ஆசிரியர்கள் எல்லோருமாகக் கலங்கரை விளக்கத் தீவுக்குப் போய் வந்தோம். நேற்றுதான் பௌர்ணமி. கடல் நன்றாக உள்வாங்கி, கரைக்கும் தீவுக்கும் நடுவே மணல் வழி ஒரு லாரி போகும் அகலத்துக்குக் கிடந்தது. சாப்பிட்டு, அரட்டையடித்து, சாவகாசமாகத் திரும்பினோம். செருப்புகூட நனையவில்லை.

வீட்டில் சொன்னதும் அத்தைக்கு ஆசை வந்துவிட்டது. "கடல்ல நடந்தே தீவுக்கா? என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன்மா." என் மாமியார் வாய்விட்டு ஒன்று கேட்பது அபூர்வம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஊராருக்கு இணைப்புக் கொடுத்தவருக்குத் தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாது.

மார்ச் 22, சனி

நாளை போகிறோம். நாத்தனாரும் வருகிறாள். "கடல் எப்ப உள்வாங்கும்னு சரியாப் பாத்தியா?" என்று இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவளிடமே கேள்வியா? பேப்பரில் பார்த்தாயிற்று. மாலை ஐந்து மணிக்கு.

மார்ச் 23, ஞாயிறு

எழுத வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

நாங்கள் போனபோது மணல் வழி ஒற்றையடிப் பாதையாக, அங்கங்கே ஈரத்தோடு இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போன வாரம் போய் வந்த தைரியத்தில் கூட்டிப் போய்விட்டேன். அத்தை கலங்கரை விளக்கத்தின் அடியில் உட்கார்ந்து சின்னப் பெண் மாதிரி காலாட்டிக்கொண்டிருந்தார். "கிளம்பலாமா?" என்று இவர் கேட்டபோதும், "இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

திரும்பும்போது வழி இல்லை. பாதி தூரத்தில் பள்ளமான இடத்தில் தொடை வரை தண்ணீர். அத்தைக்கு முட்டி வலி வேறு. ஒரு படகுக்காரர் குதித்து வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் விட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பயத்திலா, கூச்சத்திலா தெரியவில்லை.

கரையில் நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை! "என்ன அண்ணி இது? நேரம் பாத்தேன்னு சொன்னீங்களே?"

அதற்கு நான் சொன்னது — எழுதவே கூசுகிறது — "நேரமெல்லாம் சரிதான். அத்தை கொஞ்சம் வேகமா நடந்திருந்தா வந்திருக்கலாம்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் புடவையைப் பிழிந்தபடி, "ஆமாம்மா, என்னாலதான்" என்றார்.

மார்ச் 26, புதன்

எட்டாம் வகுப்பு. பாடம் — கடல் ஏற்ற இறக்கம். இந்த வாரமா வந்து தொலைய வேண்டும்?

ஒவ்வொரு வருஷமும் சொல்வதைத்தான் சொன்னேன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வரும். சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுக்கும்; கடல் நிறைய ஏறும், நிறைய உள்வாங்கும். அரைநிலா சமயத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் கொஞ்சம்தான் ஏறும், கொஞ்சம்தான் உள்வாங்கும். கரும்பலகையில் பாதி நிலாவை வரைந்துவிட்டு அப்படியே நின்றேன்.

அத்தையைக் கூட்டிப் போனதற்கு முந்தைய நாள்தான் அரைநிலா. நேரத்தைப் பார்த்த நான் நிலாவைப் பார்க்கவில்லை. அன்று அந்த வழி சரியாகத் திறக்கவே இல்லை. அத்தை ஓடியே வந்திருந்தாலும் நனைந்துதான் இருப்பார்.

மார்ச் 30, ஞாயிறு

அத்தை சாயங்கால நடையை நிறுத்திவிட்டார். பூங்கா சிநேகிதிகள் வாசலில் வந்து கூப்பிட்டார்கள். "நீங்க போங்க. நான் வந்தா உங்களுக்குத்தான் பாரம்." பாரமாம்! நாத்தனார் நாலு கால் ஊன்றுகோல் ஒன்று வாங்கி வந்து கட்டிலருகே வைத்திருக்கிறாள். இவர் குளியலறையில் கைப்பிடி பொருத்த ஆள் தேடுகிறார். ஒரு வாரத்துக்கு முன்னால் தீவுக்கு நடந்து போன மனுஷி அவர்.

ரசம் ஊற்றும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "உப்பு போதுமா அத்தை?" என்று கேட்டுவிட்டு வந்தேன். சீ, என்ன ஜென்மமோ நான்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கழிவறைக்குப் போக அந்தக் கோலை எடுத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அத்தை, அன்னிக்குத் தண்ணி வந்தது உங்களால இல்ல. நிலாவால." பேச்சிலும் பழியை வேறு யார் தலையிலோ போடத்தான் வருகிறது பாருங்கள். "இல்ல, என்னால. அன்னிக்கு அங்க போயிருக்கவே கூடாது. போன புதன்கிழமை கிளாஸ்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். "பரவாயில்லம்மா" என்பார் என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இரண்டுமில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"இத்தனை நாளா இந்தக் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றார்.

கோலைக் கட்டிலில் சாய்த்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டார். மாடியிலிருந்து பார்த்தேன். கோபமாகத்தான் நடந்தார். நல்ல வேகம்.

ஏப்ரல் 3, வியாழன்

நாத்தனாரிடமும் இவரிடமும் நானே சொன்னேன். நாத்தனார் பேசினாள், பேசினாள், போன் சூடாகும்வரை பேசினாள். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அத்தை தினமும் நடக்கிறார். என்னிடம் மட்டும் பேச்சு இல்லை. காபி டம்ளரைக்கூட இவரிடம்தான் நீட்டுகிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பௌர்ணமி.

காலையில் அத்தை புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு கூடத்தில் நின்றார். "துறைமுக ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். பதினோரு மணிக்கு உள்வாங்குதாம். எவ்வளவு உள்வாங்குதுன்னும் கேட்டேன்." அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு. பிறகு இவரிடம், என்னைக் காட்டி, "அவளையும் வரச் சொல்லு" என்றார்.

மணல் வழி போன மாதம் போலவே அகலமாகக் கிடந்தது. இவரும் நாத்தனாரும் முன்னால் போய்விட்டார்கள். நான் தலையைக் குனிந்தபடி, அத்தைக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். பாதி வழியில், சரியாக அந்தப் பள்ளத்தில், அத்தை நின்று திரும்பினார். பதினோரு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் நடம்மா. அப்புறம் தண்ணி வந்துதுன்னா, உன்னாலதான்னு சொல்லிடுவேன்."