ஊதாப் பொட்டு

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. வயது எண்பத்தொன்றும் நான்கு மாதமும்.

போர்க்காலத்தில் பள்ளிக்கூடமொன்றை மருத்துவமனையாக்கிய தலைமைத் தாதி என்று, புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டின் மேய்ஸ் ஹில் கோயில் மண்டபத்தில் இன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேச்சாளர் என்னைத் தெய்வமாக்கினார். எனக்கோ முழங்கால் வலித்தது. பிறகு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மகளோடு வந்தார்.

“அன்ரி, ஏழு வயசிலை ஷெல் பட்டு உங்களிட்டை வந்தனான். என்ர நெத்தியிலை ஊதா மருந்தாலை பொட்டு வைச்சனீங்கள். அந்தப் பொட்டுதான் காப்பாத்தினது எண்டு அம்மா சாகும்வரை சொன்னவா. நாளைக்கு இவளுக்கு ஒப்பரேஷன். இவளுக்கும் ஒண்டு வைச்சுவிடுங்கோ.”

நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“டாட், அன்ரிக்கு ஏலாது போல. கதிரை குடுங்கோ,” என்றாள் மகள்.

உட்கார்ந்துகொண்டு அவளுக்குக் குங்குமம் வைத்தேன். மறுக்கத் துணிவில்லை.

மருந்து போதாத அந்த நாட்களில், பிழைக்கமாட்டார்கள் என்று நான் முடிவு செய்தவர்களின் நெற்றியில்தான் ஊதா மருந்தைத் தொட்டு வைத்தேன். இவர்கள்மேல் மருந்தை வீணாக்க வேண்டாம் என்று மற்றத் தாதிமாருக்கு அது அடையாளம். தாய்மாருக்கு நாங்கள் சொல்லவில்லை. நான் இன்றுவரை எவருக்குமே சொல்லவில்லை. அந்தச் சிறுவனை யாரோ என் சொல்லை மீறித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.