கரடி வேஷக்காரனின் வேலை

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று முறை வந்தேன், நீ கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று பேசிப் பேசி, உன் வீட்டுக் கதவுக்கே என் அறுவை பழகியிருக்கும். ஸ்டுடியோவில் எல்லாரும் சௌக்கியம். தயாரிப்பாளர் புது விக் வைத்திருக்கிறார். அதுவும் அவரை விட்டு ஓடத்தான் பார்க்கிறது.

எழுத வந்தது அது இல்லை.

அந்த டிவி சாகச நிகழ்ச்சியில் கரடி வேஷம் கட்டித் தொப்பையை ஆட்டுவது மட்டும் என் வேலை இல்லை. பயந்து நிற்கும் பிள்ளையைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரித்துவிட்டால் 'ரெடி' என்று குறித்துக்கொண்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

அன்று தண்ணீர்க் குகை வாசலில் உன் பாப்பா என் காதோடு, "மாமா, பயமா இருக்கு, வேணாம்" என்றாள். தொப்பையால் ஒரு இடி இடித்தேன். "வேணாம் மாமா" என்றாள் மறுபடியும். கிச்சுகிச்சு மூட்டினேன். சிரித்துவிட்டாள், உள்ளே அனுப்பிவிட்டார்கள். மூச்சில்லாமல் அவளை வெளியே எடுத்தபோதும் நான் கரடித் தலையைக் கழற்றியிருக்கவில்லை.

நாளை விசாரணை. "குழந்தை பயப்படவே இல்லன்னு சொல்லிடுங்கண்ணே. அவ சொன்னது யாருக்குக் கேட்டுச்சு?" என்கிறார் தயாரிப்பாளர்.

எனக்குக் கேட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அங்கே அன்றைய வீடியோ பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் அவள் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போவாள். ஆசைப்பட்டுப் போனாள் என்று மட்டும் நீ நினைத்துவிடாதே.

உன் அண்ணன்