மூர்த்தி பேரில் ஒரு ரத்தப் பரிசோதனை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எர்ணாவூர் யார்டில் கண்டெய்னர் நம்பர் குறிக்கும் வேலை மதியத்தோடு முடிந்தது. அங்கிருந்து கல்மண்டபம், வரிக்கணக்கு போடும் நஸ்ரீன் அக்காவிடம்.

பதினோரு வருடமாக அதே கேட், அதே வேலை. காகிதத்தில் மட்டும் நான் ஊழியர் இல்லை, ‘கன்சல்டன்ட்’. இ.எஸ்.ஐ. கிடையாது, கம்பெனி மருத்துவக் காப்பீடு கிடையாது. நானே கட்டும் பாலிசிதான்.

அக்கா சொன்னாள்: “நீயா கட்னாலும் வரிக்கு எய்ட்டி டி பிரிவுல கழிக்கலாம் அமுதா. பழைய வரி முறைதான் வேணும்னு ஒரு ஃபாரம் போட்டா போதும். இன்னா, மூர்த்தி பேரும் பாலிசில கீது?”

இருக்கிறது. என் வீட்டுக்காரர். நாலு வருடம் முன் கடலுக்குப் போனார். படகு மட்டும் கிடைத்தது. ஏழு வருடம் ஆகாமல் சட்டம் இறந்தவர் என்று எடுத்துக்கொள்ளாதாம். அதனால் அவருக்கும் சேர்த்தே புதுப்பிக்கிறேன். நிறுத்தினால் நானே சாகடித்த மாதிரி.

அக்கா: “அவரு பேரையும் கணக்குல காட்டுனா உசுரோட கீறார்னுதான் அர்த்தம் ஆவும். யோசிச்சிக்கோ.”

ஜூலை 9, புதன்

வாங்க: டீத்தூள், கொசுவத்தி, துணி சோப்பு.

பாலிசி ரசீதுக்காக ஆப் திறந்தேன். கீழே, வருடாந்தர உடல் பரிசோதனை. அமுதா: பயன்படுத்தவில்லை. மூர்த்தி: ஜூன் 24, திருவொற்றியூர், முடிந்தது.

மூன்று முறை படித்தேன்.

ஜூலை 10, வியாழன்

கொழுந்தன் கோபியைக் கேட்டேன், அண்ணன் பேரைச் சொல்லிப் பரிசோதனைக்கு நீ போனாயா என்று.

“நான் எதுக்கு அண்ணி போறேன்? அந்த வாரம் முச்சூடும் கடல்ல இருந்தேன். போட்ல வந்தவங்கள வேணா கேளு.”

பிறகு மெதுவாக: “யாரு அண்ணி போனது?”



ஜூலை 11, வெள்ளி

அரை நாள் வேலைக்குப் போகவில்லை. திருவொற்றியூர் தேரடி பக்கம், மாடியில் அந்த லேப். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“வந்தாருக்கா. போன் இல்லன்னாரு. பாலிசி நம்பர மனப்பாடமா சொன்னாரு. நீங்க வேலைக்குப் போயிருப்பீங்கன்னாரு.”

பாலிசி நம்பர் எனக்கே மனப்பாடம் இல்லை.

அவர் கை எப்படி இருந்தது என்று கேட்டேன். “இடது சுண்டுவிரல் நுனி இல்லக்கா. கை அவ்ளோ சில்லுனு இருந்துச்சு. நரம்பே கெடைக்கல. ஏசினால இருக்கும்னு நெனச்சேன்.”

விரல் நுனியை எடுத்தது படகில் வலை இழுக்கும் வின்ச். கல்யாணமான மறுவருடம்.

ரிப்போர்ட் கொடுத்தாள். ரத்த வகை பி நெகட்டிவ், அவருடையது. சோடியம் என்ற இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு.

“அது மிசின் கோளாறாம். ரத்தத்துல இவ்ளோ உப்பு இருந்தா மனுசன் நடமாட முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. இன்னொரு தபா சாம்பிள் குடுக்கணும். சொல்லிடுங்கக்கா.”

என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். எங்கும் போகவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன், வைத்த பிறகுதான் தெரிந்தது.

நாலு வருடம் வேண்டாத சாமி இல்லை, அவர் வரவேண்டும் என்று. இப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். பட்டப்பகலில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடம் சொல்ல.

ஜூலை 15, செவ்வாய்

நஸ்ரீன் அக்கா கம்ப்யூட்டர் முன்னால். “இன்னா போடட்டும்? உன் பேரு மட்டுமா, ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்.”

“தெரிஞ்சிதான் சொல்றியா?”

ரிப்போர்ட்டை நீட்டினேன். தேதியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரையும் போட்டாள். ஓ.டி.பி. வந்தது, சொன்னேன். முடிந்தது.

வெளியே வந்ததும் போன். லேப் பெண்.

“அக்கா, உங்க வூட்டுக்காரரு வந்துக்கீறாரு. நரம்பு கெடைக்கவே மாட்டேங்குது. நீங்க வந்து கையப் புடிச்சிக்கினா கெடைக்கும்ன்றாரு. வர்றீங்களா?”

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலை நான் பதினாறு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டவள்.

“உக்கார வைம்மா” என்றேன்.

ஷேர் ஆட்டோவில் எழுதுகிறேன். லாரி நெரிசல், டோல்கேட்டில் வண்டி நகரவே இல்லை. கை வியர்த்து எழுத்து கலைகிறது. இறங்கித் தேரடிக்கு நடக்கப் போகிறேன்.