ரில்ஸ்குக்கும் பூத்திவ்லுக்கும் நடுவில்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. பள்ளிக்கு அரை நாள் லீவு. மாமியாரோடு கலெக்டர் ஆபீஸ், மனு நாள். எத்தனையாவது மனு என்று எண்ணுவதை விட்டாயிற்று.

மேஜையில் இருந்தவர் நல்ல மனிதர். அத்தையை முதலில் உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம், "ஒங்க வீட்டுக்காரர் அங்க எந்த மாவட்டத்துல காணாமப் போனாருன்னு தெளிவாச் சொல்லுங்கம்மா. ரஷ்யான்னா ஒரு தூதரகம், உக்ரைன்னா வேற."

"கடைசியாப் பேசுனது ரில்ஸ்க்ல இருந்து சார். குர்ஸ்க் ஒப்லாஸ்து. ஒப்லாஸ்துன்னா நம்ம மாவட்டம் மாதிரி. மறுநா எல்லை தாண்டி பூத்திவ்ல் பக்கம் போறோம்னு சொன்னாக. அது உக்ரைன்."

"போனாரா?"

தெரியாது. கிடங்கு வேலை என்று ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய், பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள் அருளை. ஜூலையிலிருந்து அவர் போன் அணைந்தே கிடக்கிறது. தாண்டியிருந்தால் கைதியாக இருக்கலாம். தாண்டவில்லை என்றால் ஏதாவது ஆஸ்பத்திரி. இரண்டும் இல்லை என்றால், அதை இங்கே எழுத மாட்டேன்.

வாங்கியது: உளுந்து, அத்தைக்கு பிரஷர் மாத்திரை. சாக்பீஸ் மறந்துவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. ஒன்பதாம் வகுப்பு, நிலப்பிரபுத்துவம். பாடத்தில் இங்கிலாந்து, பிரான்ஸ். நான்தான் போனில் ஸ்லாவ் சிற்றரசுகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வரலாற்று டீச்சருக்கு வேறென்ன தெரியும்.

ரில்ஸ்க்கும் பூத்திவ்லும் ஒரு காலத்தில் ஒரே சீமை. செவெர்ஸ்க். ஒரே குடும்பத்துச் சொத்து. தம்பிக்குத் துருப்செவ்ஸ்க், மகனுக்குப் பூத்திவ்ல், அண்ணன் மகனுக்கு ரில்ஸ்க். பிறகு லித்துவேனியா கைக்கு, மாஸ்கோ கைக்கு, கொஞ்சம் போலந்து கைக்கு. இப்போது:

பூத்திவ்ல் – சுமி ஒப்லாஸ்து – உக்ரைன்
ரில்ஸ்க் – குர்ஸ்க் ஒப்லாஸ்து – ரஷ்யா
துருப்செவ்ஸ்க் – பிரியான்ஸ்க் ஒப்லாஸ்து – ரஷ்யா

இங்கே சேத்தூர் ஜமீன் விருதுநகர் மாவட்டத்தில், சிவகிரி ஜமீன் தென்காசியில். நடுவில் ஒரு எல்லைப் பலகை. பஸ் டிரைவர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே அதே மாதிரி ஒரு பலகையைத் தாண்டத் துப்பாக்கி கொடுத்து அனுப்புகிறார்கள். யாரோ சித்தப்பன் பெரியப்பன் பிரித்துக்கொண்ட நிலத்தில் என் புருஷனுக்கு என்ன வேலை? படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. படிக்காமலும் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மதியம் போன். அருளோடு கிடங்கில் வேலை பார்த்த நாகர்கோவில் தம்பி. காலில் அடிபட்டுத் திரும்பியவர்.

"அக்கா, நாங்க மூட்டைதான் தூக்கிட்டு இருந்தோம். ஒருநாள் வெடி பத்தித் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டாங்க. அண்ணன் கையைத் தூக்கிட்டாரு. சிவகாசி, பட்டாசுக் கம்பெனி போர்மேன்னு சொல்லிட்டாரு."

இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் கையைத் தூக்கியிருப்பார்கள். இங்கே அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்றால் மேற்பார்வை, நிழலில் நாற்காலி, ஒரு மரியாதை. மருந்துக் கலவை தெரிந்தவரை மூட்டை தூக்கச் சொல்ல மாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார் மனுஷன். அவரைக் கண்ணிவெடி எடுக்கிற கூட்டத்தில் போட்டார்களாம். எல்லோருக்கும் முன்னால் நடக்கிற கூட்டம்.

"எல்லை தாண்டுனாகளா தம்பி?"

"நான் பாத்தவரைக்கும் ரஷ்யாப் பக்கந்தான். பொறவு ஒரே புகை அக்கா. அதுக்கு மேல கேக்காதீங்க."

கேட்கவில்லை. அத்தையிடம் சொல்லவும் இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

கேஸ் புக் பண்ண வேண்டும். குடைக்கம்பி ஒடிந்துவிட்டது. நூறு தாள் திருத்த வேண்டும், ஒன்றுகூடத் தொடவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர், "தைரியமா இருங்க டீச்சர், எங்கனயாச்சும் இருப்பாக" என்றார். எங்கன என்பதுதானே கேள்வி. எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று. இன்றுதான் அதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். தூறல். மாமா கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். வெளியூரில் இறந்து உடல் வராதவர்களுக்கு நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் ஏற்றுவது வழக்கம். அங்கே நல்ல கூட்டம்.

அத்தை பையிலிருந்து தனியாக ஒன்றை எடுத்தார். "இத அருளுக்கு அங்கன ஏத்தவா? நீ சொல்லு."

"வேண்டாம் அத்த."

அத்தை அதைப் பைக்குள் வைத்துவிட்டார். ஜெபம் முடிந்தது. வாசல் வரை வந்துவிட்டோம். எனக்குத்தான் அதற்கு மேல் முடியவில்லை. எத்தனை நாளைக்குத்தான் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்பது.

"அத்த, அதக் குடுங்க. நானே ஏத்திட்டு வாரேன்."

கை நீட்டினேன். அத்தை பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தரவே இல்லை.

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நம்பித்தானே தாயி இத வாங்கியாந்தேன்."