‘விழும் கறுப்பு’: ஒரு திருத்தம்

1974 பிப்ரவரி 4, நியூயார்க்
என் கட்டுரைத் தொகுப்பின் அச்சுப்படி வந்துவிட்டது. அமெரிக்க நவீன ஓவியத்தைப் பற்றி முப்பது வருடம் நான் சொன்னதெல்லாம் ஒரு செங்கல் கனத்தில். முதல் கட்டுரை ‘விழும் கறுப்பு’. பதிப்பாசிரியர் கில் போனில், “வினிஃப்ரெட், இது ஒண்ணு போதும், உங்க பேர் நிக்கும்” என்றார். அந்தப் பக்கங்களை மட்டும் திருத்தாமல் தள்ளி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6
தெருவெல்லாம் பனிச் சேறு. வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 9
பெர்னிஸ் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டாள். ஓவியர் ஆர்வில் ஸ்டான்கஸின் மனைவி. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆர்விலுக்கு நுரையீரலில் புற்று, வசந்தம் வரை தாங்காதாம்.

“அவருக்கு ஒரே ஆசை. ‘மார்ச்’ படத்த ஒரு தடவ நேரா மாட்டிப் பாக்கணுமாம்.”

“நேராத்தானே இருக்கு?” என்றேன். என் வாய்க்கு வெட்கமே இல்லை.

“எங்கிட்டயேவா? எங்க பொண்ணு பொறந்த வாரம் வரைஞ்சது அது. கறுப்பு விழல, மொளைச்சு மேல வருது. நீங்க எழுதினதுக்கப்புறம் படம் வாங்க வந்தவங்க எல்லாம் விழுற படமாத்தான் கேட்டாங்க. இருபது வருஷமா அந்த மனுஷன் உங்க கட்டுரையத்தான் வரைஞ்சுக்கிட்டிருக்காரு.”

பிப்ரவரி 10
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 1951. ஓவியங்கள் வந்து இறங்குமுன்பே கண்காட்சிக் கையேட்டை அச்சடித்துவிடுவது எங்கள் வழக்கம். ‘மார்ச்’ படத்தைப் பற்றிய ‘விழும் கறுப்பு’ கட்டுரையை அதற்காகப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

படம் மாட்டுகிற டெஸ்மண்ட் சொன்னான்: “மேடம், பின்பக்கம் அம்புக்குறி போட்டிருக்காரு. கையேட்டுல தலைகீழா வந்திருக்கு.” இரண்டாயிரம் பிரதி கட்டி வைத்திருந்தார்கள். “கையேட்டுல இருக்கிற மாதிரியே மாட்டு” என்றேன்.

திறப்பு விழாவில் ஆர்வில் இரவல் கோட்டில் அதன்முன் வெகுநேரம் நின்றார். அவருக்கு முதன்முதலாக விலைபோன படம்; எங்கள் அருங்காட்சியகமே வாங்கியது. “நல்லா எழுதியிருக்கீங்க” என்றார், அவ்வளவுதான். ஐயோ, அப்போதே நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

பிப்ரவரி 13
அருங்காட்சியக இயக்குநரிடம் சொல்லப் போனேன். கதவு வரைக்கும். புத்தகம் வெளிவந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

மார்ச் 1
நாளை கண்டிப்பாக.

மார்ச் 5
ஆர்வில் நேற்றுக் காலை இறந்துவிட்டார்.

ரெண்டு ஆளு, ஒரு ஏணி, கால் மணி நேர வேலை. அதுக்கு ஒரு மாசம் நாள் கடத்தினேனே பாவி!

மார்ச் 18
இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டெஸ்மண்ட் திருப்பி மாட்டினான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. “இருபத்திமூணு வருஷமா இதுக்காகத்தான் ஏணிய தொடச்சு வச்சிருந்தேன், மேடம்” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கறுப்பு தரையைப் பிளந்துகொண்டு மேலே போகிறது. எவ்வளவு சந்தோஷமான படம் இது!

பெர்னிஸ் வந்து பார்த்தாள். “இப்ப யாருக்குக் காட்ட மாட்டினீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 20
கட்டுரையை நீக்கவில்லை. நான் செய்ததை அதன் அடியிலேயே எழுதிச் சேர்த்துவிட்டேன். கில் கத்தினார். கத்தட்டும்.

ஏப்ரல் 6
சனிக்கிழமை, நல்ல கூட்டம். கூடத்துக் காவலர் மூச்சிரைக்க வந்தார்.

“மேடம், காலையிலேர்ந்து மூணு பேரு சொல்லிட்டாங்க. ஒரு அம்மா உங்க பழைய கையேட்டையே கையில வச்சுக்கிட்டு சண்டைக்கு வராங்க. அந்தப் படத்த நாம தலைகீழா மாட்டியிருக்கோமாம்.”