கரிக்கணக்கரின் நிறம்

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரியவருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கமாக ஒப்புக்குக் கேட்டு வைப்பேன். இந்த முறை நிஜமாகவே தெரிய வேண்டும். போனில் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிப் பேச்சை மகளின் படிப்புக்குத் திருப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அச்சகத்துச் செய்தி. மை காயவைக்கும் அந்தப் பெரிய சூட்டுப்பெட்டியை ஒருவழியாகக் கழற்றிவிட்டார்கள். புது மை விளக்கொளி பட்டாலே காய்ந்துவிடுகிறது. கூடத்தில் இப்போது வேர்க்காமல் நிற்க முடிகிறது. மின்சாரம் பாதியாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் போவோர் வருவோரிடமெல்லாம் அளக்கிறார், ஏதோ அவரே கண்டுபிடித்தது போல. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நீங்கள் போட்ட திட்டம் என்று எங்களுக்குத் தெரியாதா? கம்பெனி எவ்வளவு கரியைக் காற்றில் விடுகிறது என்று பார்ப்பதால் உங்களுக்கு இங்கே கரிக்கணக்கர் என்று பெயர். கேட்கும்போது எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் அதே கையால் இன்னொன்றையும் எழுதினீர்களே! வெளிமாநிலத்தில் வேலை செய்பவர்கள் வருடா வருடம் விமானத்தில் ஊருக்குப் போவது நின்று, இனி மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் என்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டீர்கள். "நானே எழுதிட்டு நானே பறந்தா எவன் மதிப்பான்?" என்று அன்றைக்குப் போனில் கேட்டீர்கள். நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போன வருடமும் வேலை என்று வரவில்லை. மகள் உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். அது அவள் காலுக்குப் பொருந்த ஆரம்பித்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரியைக் குறைப்போம் என்று கம்பெனி போடுகிற உறுதிமொழிப் புத்தகம் அச்சுக்கு வந்தது நம் அச்சகத்துக்கு, அதுவும் என் மெஷினுக்கு. விமானப் பயணத்தைக் குறைக்கும் அந்த வரி இருக்கிற பக்கத்திலேயே உங்கள் படம். வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிறீர்கள், பக்கத்தில் உங்கள் அலுவலகத்து அம்மாள் ஒருவர்.

சோதனைக்கு ஓட்டிய முதல் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். உங்கள் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சிவப்பு குறைகிறது என்று கூட்டினேன். மறுபடி ஓட்டினேன். போதவில்லை. மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினேன். உங்கள் நிறம் எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவள் நான். கடைசியில் நீங்கள் கிட்டத்தட்ட நீங்களாக வந்தீர்கள். ஆனால் அந்த அம்மாள் முகம் தக்காளி ஆகிவிட்டது, சுவரும் சிவந்துவிட்டது. மை கலக்குகிறவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அவங்களுக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தார்.

அதற்குள் என் காலடியில் கழிவுத்தாள் குவிந்துவிட்டது. காகிதத்தை வீணாக்க மாட்டோம் என்று சத்தியம் செய்கிற புத்தகத்துக்கு இத்தனை காகிதம் வீண்! மேற்பார்வையாளர் கத்திக்கொண்டே வந்தார். மை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். நான் கூட்டிய எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொல்லி ஒரு ஷீட் ஓட்டினார். சுவர் வெள்ளையாக வந்தது, அந்த அம்மாள் அம்மாளாக வந்தார். நீங்கள் மட்டும் சாம்பலாகவே நின்றீர்கள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "மெஷின் சரியாத்தாம்மா இருக்கு. அவர் நிறமே இப்ப இதுதான்" என்றார்.

மீதி ஓட்டம் முழுவதும் உங்கள் முகம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். போனில் முகம் பார்த்துப் பேசும்போது ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். எப்போதும் அந்த மஞ்சள் விளக்கடியில் உட்கார்ந்துதானே பேசுகிறீர்கள். என் கண்ணுக்குப் பயந்துதான் என்று இப்போது படுகிறது. சரியாகச் சாப்பிடுகிறீர்களா? டாக்டரைப் பார்த்தீர்களா? எதையாவது மறைக்கிறீர்களா?

அந்தக் கழிவுத்தாளும் உங்கள் கணக்குக்குத்தான் வரும். இந்தக் கிளையில் ஏன் இவ்வளவு வீண் என்று கேட்டு எங்களுக்குக் கடிதம் போடாதீர்கள். காரணம் நீங்கள்தான்.

விமானத்தில் வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் சொல்லை உடைக்க வைத்துப் பெறுகிற சந்தோஷம் எனக்கு வேண்டாம். ரயிலில் வந்தால் லீவு முழுவதும் வழியிலேயே கரைந்துவிடும் என்றீர்கள். நான் யோசித்துவிட்டேன். நடுவில் ரயில் மாறுகிற ஊர் ஒன்று இருக்கிறதே, பள்ளி விடுமுறை விட்டதும் நானும் மகளும் அதுவரை வருகிறோம். பாதி வழி நாங்கள் வருகிறோம், பாதி வழி நீங்கள் வாருங்கள். மிச்ச நாளுக்கு அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொள்வோம். நல்ல வெளிச்சமுள்ள அறையாகப் பாருங்கள்.

வீணான ஷீட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன், நீங்கள் நீங்களாகவும் அந்த அம்மாள் தக்காளியாகவும் வந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா நல்லாத்தானே இருக்காரு" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் நேரில் பார்ப்பதற்குள் கொஞ்சம் வெயிலில் நில்லுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்
மெஷின்காரி