ராஜாவுக்கு மேலே ஐந்து காலி அறைகள்

என் உயிர் ஜமாலுக்கு,

நேற்று பட்டினச்சேரிக் கடற்கரைக்குப் போனேன்டா, நீ இல்லாமல் முதல் தடவையாக. ஈர மணலைக் குவித்து மறுபடியும் பிரமிடு கட்டினேன். இந்தத் தடவை உள்ளே வைத்த தீப்பெட்டி நசுங்கவே இல்லை! இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பிரான்சிலிருந்து லீவில் வந்த பக்கத்து வீட்டு அண்ணன் விட்டுப்போன புத்தகம் ஞாபகம் இருக்கா? ஒரு எழுத்துகூட நமக்குப் புரியாது. பிரமிடைக் கத்தியால் குறுக்கே அறுத்ததுபோல ஒரு படம். நடுவில் ராஜா அறை, அதற்கு மேல் அடுக்கடுக்காக ஐந்து குட்டி அறைகள். பொக்கிஷம் அங்கேதான் என்று சத்தியமே செய்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் தாத்தா படத்துக்குக் கீழே இருந்ததை மட்டும் படித்துச் சொன்னார். யாரோ வெடிமருந்து வைத்து உடைத்து மேலே ஏறிப் பார்த்தால், எல்லாமே காலியாம்!

“காலி ரூமுக்காடா இம்புட்டுக் கல்லு? ஒங்க ராஜா வாடகைக்கு விட்டுருப்பாருடா செல்வம்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

படத்தில் உச்சி அறையின் கூரைக் கற்கள் மட்டும் சாய்ந்து ஒன்றோடொன்று முட்டி நின்றன. ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. நாம் மணலில் கட்டும்போதெல்லாம் உள்ளே வைத்த தீப்பெட்டி நசுங்கியது. “அடுத்த ஞாயித்துக்கெழம கண்டுபிடிக்கிறோம்டா” என்றாய். அதற்குள் உனக்குக் காமாலை.

உன்னைக் குழிக்குள் இறக்கினபோது எனக்கு ஒரே பயம். இத்தனை மண்ணும் உன் மேல் விழுமே! தீப்பெட்டி ஞாபகம் வந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், உன் மாமா பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு மாமா இது?”

“மண்ணு புள்ள மேல படக் கூடாதுல்ல தம்பி. எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறது.”

எல்லாருக்கும்! கல் பாரம் மேலே இறங்காமல் ராஜாவுக்கும், மண் விழாமல் உனக்கும்! அழுதுகொண்டே சுற்றிலும் உன்னைத்தான் தேடினேன், சொல்வதற்கு.

நேற்று தீப்பெட்டிக்கு மேல் இரண்டு சிலேட்டுத் துண்டுகளைச் சாய்த்து முட்டவைத்தேன். எவ்வளவு மணல் கொட்டியும் தாங்கியது. உனக்கு மூச்சு முட்டவில்லைதானே?

உங்கள் தெருவுக்கு முதல் டி.வி. வந்துவிட்டது. அதில் ஒருநாள் பிரமிடு காட்டினால் யார் தோளைப் பிடித்துக் குலுக்குவேன்?

உன் உம்மா இன்னும் உனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்துவைக்கிறார்கள். அப்புறம் அதை அப்படியே உள்ளே கொண்டுபோகிறார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் தட்டில் நான் சாப்பிடுகிறேன்டா. பாரம் மொத்தமும் அவர்கள் மேல் இறங்க விடமாட்டேன்.

உன் உம்மாவுக்கு இன்னொரு மகன்,
செல்வம்